நெல்லுப்பேட்டைத் தெரு தவிர

காலையில் தாமோதரன் அன்றைக்குப் போகவேண்டிய தெருக்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தபோதே மங்கையர்க்கரசிக்குத் தட்டுப்பட்டுவிட்டது. செக்கடித் தெரு, அது முடிந்ததும் தொட்டிப்பாலம், அங்கிருந்து மாரியம்மன் கோயில் வாசல், கோயிலைச் சுற்றிக்கொண்டு நேரே கடைவீதி, மணிக்கூண்டில் ஆறு மணிக்குப் பிரச்சாரம் நிறைவு. கோயிலுக்கும் கடைவீதிக்கும் நடுவே ஒரு தெரு விட்டுப்போயிருந்தது. விட்டுப்போகவில்லை, விட்டிருந்தார்கள். பகுதிச் செயலாளராக இருக்கிற மனிதருக்கு இந்தத் தொகுதியில் எந்தச் சந்தில் யார் வீடு என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நெல்லுப்பேட்டைத் தெருவை மறக்கிறவரா அவர். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்திருப்பார்கள், தாமோதரன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார், தெரு குறுகல் அக்கா, ஜீப் திரும்பாது என்று ஏதாவது சொல்லியிருப்பார். மூன்று தடவை மாநகராட்சி உறுப்பினர், இப்போது சட்டமன்ற வேட்பாளர், மைக்கைக் கையில் கொடுத்தால் மூச்சு விடாமல் பேசக்கூடியவள், ஒரு தெருவின் பெயரைச் சொல்லி ஏன் என்று கேட்க வாய் வராமல் ஜீப்பில் ஏறிவிட்டாள். இப்போது சித்திரை வெயில் உச்சந்தலையில் நிற்கிறது. முன்கம்பியைத் தொட்டால் சுடுகிறது, தொடாவிட்டால் ஜீப் குலுங்குகிறபோது உடம்பு சாய்கிறது. கழுத்து மாலையில் வாடிய சாமந்தி வியர்வையோடு சேர்ந்து கழுத்தை அரிக்கிறது. செக்கடித் தெருப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வருகிறார்கள், அவள் குனிகிறாள், நெற்றியில் ஈரம் வைக்கிறார்கள், நிமிர்கிறாள், சிரிக்கிறாள். சிரிப்பு அதுபாட்டுக்கு வருகிறது. உள்ளே அந்தத் தெரு மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நிற்கிறது, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது.

நெல்லுப்பேட்டைத் தெருவில் அவள் கணவர் கோவர்த்தனன் இருக்கிறார். தன் அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறை. ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் அவள் காதுபடப் பேசாத விஷயம். ஆனால் இன்று காலையிலிருந்து பேசுகிறார்கள். எதிரணி வேட்பாளர் நேற்று அந்த வீட்டுக்குப் போய் மாடியேறினாராம், நெடுநேரம் இருந்தாராம், இறங்கும்போது முகத்தில் சிரிப்பாம். இன்று மாலை திடலில் அவர்களுடைய நிறைவுக் கூட்டத்தில் கோவர்த்தனன் மேடையேறுகிறாராம், சால்வை தயாராம். யாரோ ஒருவருடைய கைப்பேசியிலிருந்து யாரோ ஒருவருடைய கைப்பேசிக்கு அது ஓடி, கடைசியில் ஓட்டுநர் இருதயராஜ் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்த பார்வையில் வந்து நின்றது. மேடையேறினால் அவர் என்ன சொல்வார்? திட்டமாட்டார். திட்டத் தெரியாத மனிதர், அதுதான் பயமாக இருக்கிறது. மைக்கை வாங்கி, ஒரு தடவை ஊதிப் பார்த்து, நிதானமாக, இந்த அம்மாவுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. திடல் முழுக்கச் சிரிக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கடியில் கிடந்தது, அதை எடுத்துப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பேசினால் அவள் கேட்க வேண்டும், எங்காவது ஒரு மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாவது கேட்க வேண்டும். தன்னைத் தோற்கடிக்கத்தான் பேசுகிறார் என்றாலும் அந்தக் குரலைக் கேட்டுக் காலம் ஆகிவிட்டது.

கோவர்த்தனன் வட்டச் செயலாளராக இருந்தார். மைதா காய்ச்சிப் பசை கிண்டி, விடிவதற்குள் ஏணி தூக்கிக்கொண்டு போய்ச் சுவரொட்டி ஒட்டி, ரயில் மறியலில் உள்ளே போய், தலைவர்கள் வந்தால் வாழைமரம் கட்டி, இளமை முழுக்க அதிலேயே போயிற்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் மாவட்டத்தில் ஒருவர் முதுகில் தட்டி அடுத்த முறை உனக்குத்தான்யா என்பார். அவர் நம்புவார். கடைசியில் அவருடைய முறை வந்தபோது வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அன்றைக்கு ஒருபோதும் வராத மத்தியான நேரத்தில் வீட்டுக்கு வந்தார். கால் கழுவினார், மறுபடியும் கழுவினார். மோர் கலக்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்ததைச் சொல்வதுபோல, உன் பேரைக் குடுத்திருக்கேன் என்றார். எனக்கு என்ன தெரியும் என்றாள் அவள். ஒண்ணும் தெரிய வேணாம், நான் இருக்கேன் என்றார். மறுநாளிலிருந்து விடியற்காலை மொட்டை மாடியில் பாடம். அவளைக் கைப்பிடிச்சுவர் ஓரம் நிறுத்திவிட்டு அவர் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் ஜனங்களாக நின்றுகொள்வார். அவள் பேச வேண்டும். கேக்கல, என்பார். இன்னும் பலமாகப் பேசுவாள். கேக்கல. பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், நாய் குரைக்கும், கேக்கல, கேக்கல. முதல்ல தெருப் பேரச் சொல்லு மங்கை, தன் தெருப் பேரு மைக்கில கேட்டா எவனா இருந்தாலும் ஒரு நிமிஷம் நிப்பான், அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள விஷயத்தச் சொல்லிடணும் என்பார். எனக்கு ஒரு வாய்ப்பளித்து என்று வரவேண்டிய இடத்தில் பதற்றத்தில் வாய்பிளந்து என்று வந்து விழுந்த அன்று, அவர் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் அவள் பார்த்ததில்லை. அதுவரை அவள் பேசும்போது அவர் கண் வாசலில் இருக்கும், யாராவது கட்சிக்காரன் வருகிறானா என்று. மாடியில் அவர் அவள் வாயையே பார்த்தார். ஒரு எழுத்து தப்பினால் தெரிந்துகொள்வார். அவள் பொம்மை, அவர் ஆட்டுகிறார் என்று பின்னால் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். மாநகராட்சி வளாகத்தில் காதுபடச் சொன்னார்கள். உண்மைதான். அந்த உண்மையில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது. மகளிர் அமைப்புக் கூட்டத்தில், நீங்கள் உங்களைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அவள் தொட்டிப்பாலத்தைப் பற்றிச் சொல்வாள், கைதட்டுவார்கள். மொட்டை மாடியை ஒருநாளும் சொன்னதில்லை.

இருதயராஜ் பிரேக் போட்டான், ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே. கம்பியில் விலா இடித்தது. அக்கா பார்த்து என்றார் தாமோதரன் பின்னாலிருந்து. ஒருத்தி ஓடிவந்து சாக்கடை அடைப்பைப் பற்றி ஏதோ சொன்னாள். மேளச் சத்தத்தில் பாதிதான் விழுந்தது. கவுன்சிலராக இருந்தால் இறங்கிச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்திருப்பாள். இப்போது கை காட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. உயரத்தில் நிற்கிறபோது முகங்கள் தெரிகின்றன, பேச்சு கேட்பதில்லை. முதல் இரண்டு முறையும் மாநகராட்சிக் கூட்டத்துக்கு இருவருமாகத்தான் போவார்கள். அவள் உறுப்பினர் நாற்காலியில், அவர் மேலே பார்வையாளர் வரிசையில், வேறு சில பெண் உறுப்பினர்களுடைய வீட்டுக்காரர்களோடு. துண்டு வலத்தோளுக்கு மாறினால் கையைத் தூக்கு, இடத்தோளிலேயே இருந்தால் பேசாமல் இரு. தீர்மானம் வாசிக்கப்படும், அவள் நிமிர்ந்து துண்டைப் பார்ப்பாள். எந்த நேரத்தில் மாறும் என்று தெரியாது, அதனால் கூட்டம் முடிகிறவரை அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. காது மடலில் ஒரு மரு இருப்பது அங்கே உட்கார்ந்துதான் தெரிந்தது. மனு கொடுக்க வருகிறவர்கள் அவரிடம் கொடுப்பார்கள், அவர் இவளிடம் நீட்டுவார், இவள் கையெழுத்துப் போடுவாள், கையெழுத்தின் வாலை அவர் ஒருநாள் திருத்தினார், இப்படிச் சுழித்து விடு, பெரிய மனுஷி கையெழுத்து மாதிரி இருக்கும் என்று. இன்றும் அந்தச் சுழிதான். வேட்புமனுவிலும் அதைத்தான் போட்டாள்.

தொட்டிப்பாலம் வந்தது. பாலத்துச் சரிவில் வரிசை வீடுகள், துப்புரவுப் பணியாளர்கள் குடியிருப்பு. வாழைமரமெல்லாம் கிடையாது, ஆனால் ஒரு வாசல் மூடியிருக்கவில்லை. பிள்ளைகள் ஜீப்பில் தொற்றினார்கள். செங்கமலம் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, குனிந்தவள் கன்னத்தில் கை வைத்து, இளைச்சுட்டியே தாயி என்றாள். அந்தக் கை அன்றைக்கும் இப்படித்தான் சொரசொரவென்று இருந்தது. அவள் இரண்டாம் முறை கவுன்சிலராக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் கோவர்த்தனனுக்கு விஷக்காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. பாலத்தடியில் ஏதோ தகராறு, கவுன்சிலர் வரணும் என்று ஆள் வந்தது. போய் நின்னுட்டு வந்துடு, எதுவும் வாக்குக் குடுக்காத என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னார். அவள் தனியாகப் போனாள். அய்யா வரலியா என்று கேட்ட செங்கமலம், வரவில்லை என்றதும் கொஞ்சம் யோசித்து, அப்ப நீயே கேளு என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அந்த வரிசையைக் காலி செய்துவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள், ஊருக்கு வெளியே எங்கோ இடம் தருவார்களாம், தராமலும் இருப்பார்களாம். இந்த ஊர்க் குப்பைய எங்க அப்பன் அள்ளினான், நான் அள்ளுறேன், இப்ப எங்களையும் சேத்து அள்ளிப் போடப் பாக்குறீங்க என்றாள் செங்கமலம். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பு மூட்டிக்கொண்டே சொன்னாள். அதுவரை யாரும் மங்கையர்க்கரசியிடம் நேராகப் பேசியதில்லை, அவளைத் தாண்டி அவரிடம்தான் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அது மேலிடத்து முடிவு என்றார். காய்ச்சல் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அதற்குமேல் இருவரும் அதைப் பேசவில்லை. தீர்மானம் வந்த நாளில் மேலே பார்த்தாள். துண்டு வலத்தோளில் இருந்தது. கூட்டம் தொடங்கும்போதே மாற்றிப் போட்டிருந்தார், சந்தேகத்துக்கே இடம் வைக்காமல். எழுந்தாள். கை தூக்கவில்லை. தொட்டிப்பாலம், என்றாள் முதலில், அவர் சொல்லிக்கொடுத்தபடி. மன்றம் ஒரு நிமிஷம் நின்றது. அந்த ஒரு நிமிஷத்துக்குள் விஷயத்தைச் சொன்னாள். சொந்தக் கட்சித் தீர்மானத்தை எதிர்த்துப் பேசினாள். கத்தினார்கள், மைக்கை அணைத்தார்கள், மைக் இல்லாமல் பேசினாள், மொட்டை மாடியில் பேசிய தொண்டை அது, கடைசி நாற்காலிவரை கேட்டது. தீர்மானம் தள்ளிப்போயிற்று, பிறகு அதை யாரும் எடுக்கவேயில்லை.

அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. அவர் குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். கை கழுவிவிட்டு வாசற்படியில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே, "நல்லாப் பேசுன" என்றார். குத்தலாக இல்லை. குத்தலாக இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், சண்டைக்குப் பிறகு ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும். அந்த வாரமே பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டில் ஒருத்தியை அடக்கத் தெரியாதவனுக்கு வட்டம் எதற்கு என்று மாவட்ட அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்களாம். அதை அவர் சொல்லவில்லை, தாமோதரன்தான் பிறகு சொன்னார். ஒரு கைப்பையில் வேட்டி சட்டை எடுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டு மாடியில கொஞ்ச நாள் இருக்கேன் என்று போனார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து மணையில் உட்கார்ந்தார், தாரை வார்க்கும்போது அவள் கைமேல் கை வைத்தார், முடிந்ததும் பந்திக்கு நிற்காமல் போய்விட்டார். அந்தக் கையின் சூடு ஒரு வாரம் இருந்தது. அப்புறம் ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பத்திரிகையில் படம், அடுத்த தேர்தலில் இரட்டிப்பு வித்தியாசம். அன்றைக்கு மைக்கை அணைத்த அதே கட்சி மண்டலத் தலைவராக்கியது, இப்போது தொகுதியையே கொடுத்திருக்கிறது. அவர் வாழ்நாளெல்லாம் ஏங்கியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் மடியில் வந்து விழுந்தது, அவள் கேட்காமலே. முன்பு ஒரு மாநாட்டுக்குச் சென்னை போனபோது அவர் கூட்டத்திலிருந்து அவளைத் தனியாகப் பிரித்துக் கோட்டை வாசலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, ஒரு நாள் அந்த கேட்டுக்குள்ள போகணும், சைக்கிள்ல போனாலும் சரி என்றார். கடல் காற்றில் துண்டு பறந்தது, பிடித்துக்கொண்டார். வேட்பாளர் நேர்காணலில், அரசியலில் உங்களுக்கு வழிகாட்டி யார் என்று கேட்டார்கள். தலைவர் பெயரைச் சொன்னாள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவும்போது அவர் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்டில் இப்போது எந்நேரமும் ஆட்கள், காபி, கோஷம், கைப்பேசி. மாடிக்கு மட்டும் யாரும் போவதில்லை. பிரச்சாரம் தொடங்கிய இந்த நாட்களில் எத்தனை ஆயிரம் பேர் கேட்கப் பேசிவிட்டாள். யாரும் கேக்கல என்று சொல்வதில்லை. எல்லாருக்கும் கேட்கிறது.

மாரியம்மன் கோயில் வாசலில் பூசாரி மாலை போட்டு முடித்து, ஜீப் கோயிலைச் சுற்றத் தொடங்கியது. இடது கைப்பக்கம் அந்தத் தெருவின் வாய் தெரிந்தது, முனையில் இஸ்திரி வண்டி, ஒரு பூவரசு, கொஞ்சம் நிழல். பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். மேடையேறுவாரா மாட்டாரா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் போக வேண்டும் என்று தோன்றியது. வேட்பாளர் என்ற முறையில் அது அவசியம், தாமோதரனிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும். இது பொய் என்றும் அதே மூச்சில் தோன்றியது. ஜீப் நிழலைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போனால் கடைவீதி, பிறகு மணிக்கூண்டு, பிறகு ஆறு மணி, பிறகு இந்தத் தெருவுக்குப் போவதற்குக் காரணமே இருக்காது. இப்போதாவது ஓட்டுக் கேட்கப் போகிறவளாகப் போகலாம். ஓட்டுக் கேட்கப் போகிறவள் எந்த வாசலிலும் நிற்கலாம், அதில் வெட்கமில்லை. நிறுத்து இருதயராஜ், என்றாள். குரல் கட்டியிருந்ததால் கிசுகிசுப்பாகத்தான் வந்தது, ஆனால் அவன் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி நிறுத்தினான். தாமோதரன் ஓடி வந்தார். நேரமில்லை என்றார், தெரு குறுகல் என்றார், பத்திரிகைக்காரங்க பின்னாலேயே வர்றாங்கக்கா, ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா நாளைக்கு அதுதான் தலைப்பு என்றார். கடைசியில் குரலை இறக்கி, அவர் வரமாட்டார்க்கா, நானே ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டேன் என்றார். அப்படியானால் இவரும் போயிருக்கிறார், அவளிடம் சொல்லாமல். அந்த மனிதர்மேல் ஒரு கணம் பிரியம் வந்தது. நீங்க இவங்கள இங்கேயே நிறுத்திக்குங்க என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது, தரை சற்று ஆடியது. மாலைகளைக் கழற்றி இருக்கையில் போட்டாள். நடந்தாள். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

அண்ணன் வீட்டு வாசலில் ஓரகத்தி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, கீரைத் தட்டை நகர்த்தி வைத்து, மேலே பார்த்துக் கூப்பிட்டாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒவ்வொரு படியாக, நின்று நின்று வந்தது. முன்பெல்லாம் இரண்டிரண்டாகத் தாவி இறங்குவார். சட்டையை மாட்டிக்கொண்டே இறங்கினார், பொத்தான் ஒன்று மாறியிருந்தது. தலை முழுக்க வெளுத்திருந்தது. அவள் கை தானாகக் குவிந்துவிட்டது, ஒரு மாதப் பழக்கம். உங்க ஓட்டு என்று ஆரம்பித்தாள். "கைய இறக்கு" என்றார் அவர். "ஊருக்குக் கும்பிடு. என்னை எதுக்குக் கும்பிடுற." கையை இறக்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவங்க வந்தாங்களாமே என்றாள். "வந்தாங்க. அண்ணி காபி போட்டுக் குடுத்தாங்க. மேடைக்குக் கூப்பிட்டாங்க. ரொம்ப நேரம் நிக்க முடியாது, முட்டி வலிக்குதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான். காலையிலிருந்து தொகுதியே கையில் பிடித்துக்கொண்டு திரிந்த பயம் அந்த ஒரு வரியில் போய்விட்டது. தெருமுனைக்குத் திரும்பித் தாமோதரனுக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்தால் ஐயாயிரம் ஓட்டு பத்திரமாகிவிடும். அவள் திரும்பவில்லை. முட்டி வலி எப்போதிலிருந்து, எந்த முட்டி, யார் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள், இந்த மனிதருக்கு முட்டி வலிப்பது இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் தெரியாது. "எந்தக் காலு?" என்று கேட்டாள். இடது என்றார் அவர், சற்றுக் கூச்சமாக. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு ஓரகத்தி உள்ளே போனாள்.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். இத்தனை வருஷமாக எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்த வாக்கியம், கடைசியில் சாப்பிட வாங்க என்கிற மாதிரி வந்துவிட்டது. தெருமுனையில் கொடிகள், இஸ்திரி வண்டிக்காரர், கூட்டத்தைக் கை விரித்துத் தடுத்துக்கொண்டு நிற்கிற தாமோதரன், எல்லாவற்றையும் அவர் பார்த்தார். "கவுன்சிலர் வீட்டுக்காரர்னு சொன்னப்ப எனக்கு வருத்தமே இல்ல மங்கை. ஏன்னா அப்ப நாந்தான் கவுன்சிலர். இப்ப ஜெயிச்ச வீட்டுக்குள்ள நான் என்னவா வர்றது, சொல்லு" என்றார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார், தெரிந்தால் சொல் என்பதுபோல. புருஷனா வாங்க என்று சொல்லலாம். சொன்னால் அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்பு மொட்டை மாடிச் சிரிப்பாக இருக்காது. அப்போதுதான் அது வந்தது. அவளுக்கே தெரியாமல், யோசிக்காமல், நாக்கிலிருந்து நேராக வந்தது. "தோத்துட்டா?" கேட்டபிறகு உடம்பெல்லாம் சூடாயிற்று. வெளியே நூறு பேர் வெயிலில் நிற்கிறார்கள், ஒரு மாதமாகச் சோறு தண்ணீர் இல்லாமல் அலைகிறார்கள், செங்கமலம் கன்னத்தைத் தொட்டாள். அவள் இங்கே நின்று இதைக் கேட்டுவிட்டாள். ஆனாலும் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனமில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெல்ல அந்த முகத்தில் ஒன்று மாறியது. கண் சுருங்கியது, உதடு உள்ளே மடிந்தது, கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவில் ஓடியது. தெருத்தெருவாக ஓட்டுக் கணக்குப் போடும்போது அவருக்கு வரும் முகம். "தோக்க மாட்ட" என்றார். "இந்தப் பக்கம் பூரா உனக்குத்தான். கடைவீதிலதான் கொஞ்சம் இழுக்குது. பாத்திரக்கடை வரிசை அவங்க பக்கம் சாஞ்சிருக்கு. ஜீப்புல நின்னு கை காட்டிட்டுப் போயிடாத. இறங்கி நட, ஒவ்வொரு கடையா நின்னு கேளு. அங்க புடிச்சிட்டன்னா பயமில்ல." தெருமுனையைக் காட்டி, "போ, நேரம் ஆவுது" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லிவிட்டார் என்றும் தோன்றியது. பொத்தான் மாறியிருக்கு என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் படியேறத் தொடங்கியிருந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து.

ஜீப்பில் ஏறியதும் என்ன சொன்னாருக்கா என்று தாமோதரன் கேட்டார். மேடைக்குப் போகல என்றாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, உடனே கைப்பேசியில் யார்யாரையோ கூப்பிட்டார், மேளம் மறுபடி கொட்டியது, யாரோ மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார்கள். கடைவீதி. வெயில் சாய்ந்து பித்தளைக் குடங்களில் பட்டுக் கண் கூசியது. பாத்திரக்கடை வரிசை தொடங்குகிற இடத்தில் இருதயராஜ் வேகத்தைக் குறைத்தான். கடைகளின் மேல் எதிரணிக் கொடி. முதலாளிகள் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். இங்கே நின்றபடியே கை காட்டிவிட்டுப் போய்விடலாம். ஒருவரும் குறை சொல்ல முடியாது. நேரம் இல்லை, வேட்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது, தாமோதரனே ஒப்புக்கொள்வார். இந்த வரிசையை விட்டுவிட்டால், இந்த ஒரு வரிசையை மட்டும், இரண்டாம் வாரத்தில் ஓட்டு எண்ணி முடித்த சாயங்காலம் வீடு காலியாகிவிடும். கார்கள் போய்விடும், காபி டம்ளர்கள் கவிழ்ந்து கிடக்கும், கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருப்பாள், வாசலில் மெதுவாக ஒரு செருப்புச் சத்தம் கேட்கும். எவ்வளவு சுலபம். ஜீப் நகர்ந்துகொண்டிருந்தது. முதல் கடை போயிற்று. இரண்டாவது கடையின் எவர்சில்வர் அடுக்குகளில் அவள் கோணல்மாணலாகப் பத்துப் பதினைந்து பேராகத் தெரிந்தாள். நிறுத்துப்பா என்றாள். இறங்கினாள். பின்னால் நடந்து முதல் கடைக்கே போய்ப் படியேறினாள். கல்லாவில் இருந்த வயசாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னம்மா குரலே இல்லையே என்றார். எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு ஓட்டுக் கேட்டாள். இன்னொரு தடவை, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி கேட்டாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். இந்தக் கடையில் ஒன்று, அடுத்த கடையில் ஒன்று, கேட்டு வாங்குகிற ஒவ்வொரு ஓட்டும் அவருடைய மாடிக் கதவை உள்ளிருந்து தாழ் போடுகிறது என்று தெரிந்தது. தெரிந்தே படியிறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கடைப் படியில் கால் வைத்தாள்.